வேலையும் வேலையின்மையும் உடல்நலமும்: மரியந்தாலில் தொடங்கிய ஆய்வு

உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் என்பது நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவரால் படியேற முடிகிறதா, தானே குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, அன்றாடக் காரியங்களைப் பார்க்க முடிகிறதா, வலி எவ்வளவு, மனம் எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் பதிலை எண்ணாக மாற்றுவது அது. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் தூக்கம் வராதவரின் நலம் இந்த அளவுகோலில் இறங்கித் தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் கடை திறந்து இரவு கணக்கு முடித்துவிட்டுப் போகிறவரின் நலம் நன்றாகவே தெரியும். வேலையில் இருப்போரையும் வேலை இழந்தோரையும் இவ்வாறு ஒப்பிட்ட ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் சாய்கின்றன: வேலையற்றோரின் நலம் குறைவு. அது ஏன் குறைகிறது, எந்த இடத்தில் முதலில் குறைகிறது, ஏதோ ஒரு வேலை கிடைத்துவிட்டால் மீண்டுவிடுமா என்பவைதான் இன்னும் விவாதத்துக்கு உரியவை.

இந்த அளவுகோல்களில் மூன்று பெரிதும் புழங்குபவை. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் மருத்துவ விளைவு ஆய்விலிருந்து வளர்ந்து 1992-இல் வெளியான எஸ்எஃப்-36, பெயரே சொல்வதுபோல 36 கேள்விகள் கொண்டது. உடல் இயக்கம், வலி, களைப்பு, மனநலம் என எட்டுக் கூறுகளில் அது மதிப்பெண் தரும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1987-இல் கூடித் தொடங்கிய முயற்சியில் பிறந்தது ஈக்யூ-5டி; ஐந்தே கேள்விகள். நடமாட்டம், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான செயல்கள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு. பதில்களைச் சேர்த்தால் முழு நலத்துக்கு 1, மரணத்துக்கு 0 என்று ஒரே எண் கிடைக்கும். மரணத்தைவிட மோசம் என்று மக்கள் கருதும் நிலைகளுக்கு எதிர்க்குறி எண்ணும் உண்டு. மூன்றாவது, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய வாழ்க்கைத் தர வினாத்தொகுப்பு. உலகின் பல பகுதிகளில் தொடக்கக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினைந்து நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆகவே தமிழில் அந்தக் கேள்விகள் பிற்காலத்தில் வந்த மொழிபெயர்ப்பாக இல்லை, உருவாக்கத்திலேயே இடம்பெற்றவை. அதன் 26 கேள்விச் சுருக்க வடிவில் தன் வேலைத் திறன் குறித்து எவ்வளவு திருப்தி என்ற கேள்வியும் இருக்கிறது. நலத்தை அளக்க வந்த கருவிக்குள்ளேயே வேலை வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈக்யூ-5டியின் மூன்றாவது கேள்வி, வழக்கமான செயல்களைச் செய்வதில் சிரமம் உண்டா என்று கேட்டு, வேலை, படிப்பு, வீட்டுவேலை, குடும்பம், பொழுதுபோக்கு என எடுத்துக்காட்டும் தருகிறது. ஆலை மூடி ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் ஒரு தறித் தொழிலாளி இதற்கு என்ன பதில் எழுதுவார்? கையும் காலும் சரியாகத்தான் இருக்கின்றன. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. சிரமம் இல்லை என்று குறித்தாலும் அவர் பொய் சொல்லவில்லை, பெரும் சிரமம் என்று குறித்தாலும் பொய் சொல்லவில்லை. சுவீடன் நாட்டுத் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் வேலையின்மையின் பாதிப்பு அதிகம் தென்பட்ட கூறுகளில் கவலையும் மனச்சோர்வும், வழக்கமான செயல்களும் முன்னால் நின்றன. உடம்பு கெடுவதற்கு முன்பே நாள் கெட்டுவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படிப்பதற்கான ஆதாரம் இந்தக் கருவிகள் எவையும் பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூரில் திரட்டப்பட்டுவிட்டது.

வியன்னாவுக்குத் தெற்கே, கிராமட்நொய்சீடல் என்ற ஊரை ஒட்டிய மரியந்தால், 1830-இல் தொடங்கிய ஒரு நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு. ஊரில் 1,486 பேர், 478 குடும்பங்கள். 1929-இல் ஆலை பிரிவு பிரிவாக நிற்கத் தொடங்கி, 1930-இன் தொடக்கத்தில் முழுவதும் மூடப்பட்டது. வேறு வேலை கொடுக்க அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. ஓர் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை இழந்த நிலை. 1931-இல் மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போனது. அவர்கள் முதலில் ஆராய விரும்பியது தொழிலாளரின் ஓய்வு நேரத்தை. வேலையின்மை இவ்வளவு இருக்கும்போது ஓய்வைப் பற்றி ஆராய்வதா என்று சமூக ஜனநாயகத் தலைவர் ஓட்டோ பாவர் கேட்டுத் திருப்பிவிட்டதாக வரலாறு. கேள்வித்தாளோடு போய்க் கதவைத் தட்டுவதை அந்தக் குழு தவிர்த்தது. துணிமணி சேர்த்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனை ஏற்பாடு செய்தார்கள், தையல் வடிவமைப்பு வகுப்பும் பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் நடத்தினார்கள். ஊருக்கு ஏதாவது பயன்படும்படி உள்ளே நுழைந்து, அந்தச் சாக்கில் பார்த்தார்கள், கேட்டார்கள், எண்ணினார்கள்.

அவர்கள் எண்ணியவை விசித்திரமானவை. ஒருவர் கையில் கடிகாரத்தோடு ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, ஊரின் பெரிய தெருவைக் கடப்பவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார். பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். வேலை போனது இரு சாராருக்கும்தான். பெண்களுக்குச் சமைக்கவும் துவைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் வீடு இருந்தது. அதுவும் குறைந்த காசில் அதே வீட்டை ஓட்ட வேண்டியிருந்ததால் முன்னைவிட வேலை கூடியிருந்தது. ஆண்கள் தெருவில் நின்று பேசினார்கள், மறுபடி நடந்தார்கள், மறுபடி நின்றார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஆண்களின் தாளில் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது ஆகிய மூன்றைத் தவிர எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். தமிழில் இந்த நிலைக்குச் சும்மா இருப்பது என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லில் தெரியும் நிம்மதி மரியந்தாலில் இல்லை.

தொழிலாளர் நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டு, படிக்க நேரமும் ஏராளமாக இருந்த நிலையில், புத்தகம் எடுப்பது கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1929-க்கும் 1931-க்கும் இடையில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் கிடைப்பதும் நேரத்தைப் பயன்படுத்த முடிவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் இந்தத் துறையில் பின்னாளிலும் அதிகம் கிடைக்கவில்லை. உடல்நலச் சான்றுகளும் கிடைத்தன. நிவாரணப் பணம் வரும் நாளுக்கு முந்தைய நாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேரிடம் மதியத்துக்கு ஒன்றுமே இல்லை, இருந்தாலும் வெறும் ரொட்டி. பணம் வந்த மறுநாள் அநேகமாக எல்லாரிடமும் சாப்பாடு இருந்தது. குடும்பங்களை மனநிலையின்படி உடையாதவர்கள், ஒடுங்கிப்போனவர்கள், நம்பிக்கையற்றவர்கள், எதிலும் நாட்டமற்றவர்கள் என்று பிரித்தபோது பத்தில் ஏழு குடும்பங்கள் ஒடுங்கிப்போனவர்கள் பிரிவில் விழுந்தன. அந்தப் பிரிவுகளுக்கு நேராக மாத வருமானத்தை வைத்துப் பார்த்தால், ஒரு நபருக்கு முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். படிக்கட்டு மாதிரி இறங்கும் எண்கள். மனம் உடைவதற்கும் கையில் இருக்கும் காசுக்கும் நேர்த்தொடர்பு இருந்தது. மரியந்தாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடையின் வேகத்தைச் சொல்லிவிட்டு இந்த நான்கு எண்களை விட்டுவிடுவது வழக்கம், அது சரியில்லை.

ஆய்வு 1933-இல் ஜெர்மன் மொழியில் நூலானது. காலம் அதற்குச் சாதகமாக இல்லை. யகோடா 1936-இல் சிறைக்குப் போய், மறு ஆண்டு இங்கிலாந்துக்கு வெளியேறினார். அரை நூற்றாண்டு கழித்து, 1982-இல் எழுதிய நூலில் மரியந்தாலில் கண்டதை ஒரு கோட்பாடாக வடித்தார். வேலை தருவதில் கண்ணுக்குத் தெரிவது சம்பளம். கூடவே யாரும் கேட்காமலே வந்து சேர்வன ஐந்து: நாளுக்கு ஒரு கட்டமைப்பு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், தனிமனிதரைத் தாண்டிய ஒரு கூட்டு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயம். வேலையை வெறுக்கிறவருக்கும் இவை கிடைத்துவிடுகின்றன. வேலை போனதும் ஐந்தும் சேர்ந்தே போகின்றன.

பணமா, இந்த ஐந்துமா, எது பெரிது? இரண்டும் ஒரே நாளில் பறிபோவதால் சாதாரணக் கணக்கெடுப்பில் பிரித்தறிய முடியாது. பிரித்துப் பார்த்த அரிய முயற்சி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகள் முகாமில் நடந்து, 2022-இல் வெளியானது. சட்டப்படி வேலை செய்ய வழியில்லாத 745 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறு வேலை, அதற்குக் கூலி. இரண்டாவது குழுவுக்கு வேலையில்லை, வாராவாரம் அதே அளவு பணம் மட்டும். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். வேலை பெற்றவர்களின் மனநலம் பணம் மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது. வேலை பார்த்தவர்களில் 66 விழுக்காட்டினர், கூலி இல்லாவிட்டாலும் சில நாள் தொடர்ந்து செய்கிறோம் என்றார்கள். அடுத்த வேளைக்கு உதவியை எதிர்பார்த்திருப்பவர்கள் சொன்னது இது. தமிழகக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் வயதான பெண்கள் கூலியோடு நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதையும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் சோதனை வைத்து நிறுவியது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. வேலை போனதால் நலம் கெடுகிறதா, நலம் கெட்டதால் வேலை போகிறதா? முதுகுவலிக்காரரும் மனச்சோர்வு உள்ளவரும் வேலையை முதலில் இழப்பார்கள், மீண்டும் கடைசியில் பெறுவார்கள். ஒரே ஒரு நாளில் எடுத்த கணக்கெடுப்பு இந்த இரண்டையும் கலந்துதான் காட்டும். கார்ஸ்டன் பாலும் கிளவுஸ் மோசரும் 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இரு வகை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது: ஒரே நாள் ஒப்பீடுகள் 237, அதே ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்தவை 87. வேலையற்றோரில் 34 விழுக்காட்டினரிடம் உளநலச் சிக்கல் தென்பட்டது. வேலையில் இருப்போரிடம் அது 16 விழுக்காடு. தொடர் ஆய்வுகள் இரு திசையிலும் ஓட்டம் இருப்பதைக் காட்டின. ஆனால் வேலை போனபின் நலம் சரிவதும், வேலை கிடைத்தபின் மேலேறுவதும் தெளிவாகவே தெரிந்தன.

இந்தச் சிடுக்கை அவிழ்க்க ஆய்வாளர்கள் கண்ட நல்ல வழி, ஆலை மூடலைப் பிடித்துக்கொள்வது. ஆலையே மூடும்போது நோயாளியும் திடகாத்திரமானவரும் ஒன்றாகவே வெளியே வருகிறார்கள். ஆள் பார்த்து யாரும் அனுப்பப்படுவதில்லை. சுவீடனில் 1987, 1988 ஆண்டுகளில் மூடப்பட்ட நிறுவனங்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, வேலையிழந்த ஆண்களின் இறப்பு அபாயம் முதல் நான்கு ஆண்டுகளில் 44 விழுக்காடு கூடியதைக் கண்டது. பெண்களின் மொத்த இறப்பில் மாற்றம் இல்லை. தற்கொலையும் மது சார்ந்த மரணமும் மட்டும் இரு பாலாரிடமும் ஏறத்தாழ இரு மடங்காயின. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980களில் ஆட்குறைப்பில் வேலை இழந்த, நெடுங்காலப் பணி அனுபவம் உள்ள ஆண்களை டேனியல் சல்லிவனும் டில் ஃபான் வாக்டரும் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை போன மறு ஆண்டில் இறப்பு வீதம் 50 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. இருபது ஆண்டு கழித்தும் 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு இதன் மொத்தக் கணக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆயுள். டென்மார்க்கில் இதே முறையில் 2006-இல் வெளியான ஆய்வு மனஅழுத்தம் சார்ந்த நோய்களுக்கு மருத்துவமனையில் சேர்வது கூடவில்லை என்றது. 2012-இல் வெளியான இன்னொன்று, ஆலை மூடலைக் கூர்மையாகப் பிரித்தெடுத்தபோது இறப்பு கூடியதைக் கண்டது. ஒரே நாட்டின் பதிவேடு, வேறு வேறு விடை. யாரை வேலை இழந்தவராக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் என்பதற்கு இது எச்சரிக்கை.

பாதிப்பு வேலை போன நாளில்தான் தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஸ்டானிஸ்லாவ் காஸ்லும் சிட்னி காபும் ஆலை மூடப்போகும் செய்தி வந்ததிலிருந்தே தொழிலாளரின் இரத்த அழுத்தத்தை அளந்துவந்தார்கள். மூடுவதற்கு முன்பே, காத்திருக்கும் வாரங்களிலேயே, அழுத்தம் ஏறியிருந்தது. நிலையான வேலை கிடைத்தபின் இறங்கியது. லண்டனில் அரசு ஊழியர் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்துவந்த வைட்ஹால் இரண்டாம் ஆய்வு, தனியார்மயமாகப் போகிறது என்று தெரிந்த துறையின் ஊழியர்கள் அந்த எதிர்பார்ப்பிலேயே தம் நலத்தைக் குறைத்துச் சொன்னதைப் பதிவுசெய்தது. தலைக்கு மேல் தொங்கும் கத்தி விழுந்த பிறகு வலிக்கிறது என்பது சரி. விழும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதிலும் கழுத்து வலிக்கும்.

இந்த வரிசையில் பொருந்தாமல் நிற்பது கிறிஸ்டஃபர் ரூம் 2000-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. அமெரிக்க மாநிலங்களின் பதிவுகளில், வேலையின்மை வீதம் ஒரு புள்ளி ஏறினால் அம்மாநிலத்தின் மொத்த இறப்பு அரை விழுக்காடு அளவில் குறைந்தது. மந்தக் காலத்தில் சாலையில் வண்டி குறைவு, விபத்து குறைவு, மிகைநேரம் குறைவு. தற்கொலை மட்டும் ஏறியது. இதை வைத்து வேலையின்மை உடலுக்கு நல்லது என்று சிலர் எழுதினார்கள். அது கணக்கை மாற்றிப் போடுவது. மந்தத்தில் வேலை இழப்பவர்கள் சிறுபான்மை. மொத்த எண்ணில் தெரியும் நன்மை பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டே கொஞ்சம் மெதுவாக ஓடியவர்களுடையது. ஊர் நலமாக இருப்பதும் ஊரில் ஒருவர் நலமாக இருப்பதும் வெவ்வேறு எண்கள்.

வேலையின்மை எவ்வளவு வலிக்கும் என்பதை, அதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. பிரிட்டன் தரவுகளைக் கொண்டு ஆண்ட்ரூ கிளார்க் 2003-இல் காட்டியது: சுற்றிலும் வேலையற்றோர் அதிகம் இருந்தால் வேலையற்ற தனிமனிதரின் மனத்துயரம் குறைகிறது. ஜெர்மனியில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. நெடுங்காலம் வேலையின்றி இருந்தவர்கள் ஓய்வூதிய வயதை எட்டிச் சட்டப்படி ஓய்வுபெற்றதும் வாழ்க்கைத் திருப்தி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நேற்றும் வீட்டில்தான் இருந்தார், இன்றும் வீட்டில்தான் இருக்கிறார். மாறியது பெயர் மட்டும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன பண்றீங்க என்று கேட்டால் ரிட்டயர்ட் ஆயிட்டேன் என்று சொல்லிவிடலாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடும் பட்டதாரி இளைஞர்களைத் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் காணலாம். யகோடாவின் பட்டியலில் இரண்டாவதும் நான்காவதும் அங்கே ஒருசேரப் போகின்றன.

இத்தனையும் கேட்டபின், அப்படியானால் ஏதாவது ஒரு வேலை போதும் என்று தோன்றும். பல அரசுகளின் கொள்கையும் அந்த எண்ணத்தில்தான் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் பட்டர்வொர்த் குழு, நாடு தழுவிய குடும்பத் தொடராய்வில் ஏழு ஆண்டுத் தரவுகளை எடுத்து, எஸ்எஃப்-36-இன் மனநல மதிப்பெண்ணை வேலையின் தரத்தோடு பொருத்திப் பார்த்து 2011-இல் வெளியிட்டது. வேலையின் கெடுபிடி, தன் வேலையில் தனக்குள்ள பிடி, வேலை நிலைக்கும் என்ற உறுதி, நியாயமான சம்பளம் ஆகிய நான்கால் தரம் அளக்கப்பட்டது. வேலையின்மையிலிருந்து நல்ல வேலைக்குப் போனவர்களின் மதிப்பெண் 3.3 கூடியது. வேலையின்மையிலேயே நீடித்தவர்களுக்கு 1.0 குறைந்தது. மோசமான வேலைக்குப் போனவர்களுக்கு 5.6 குறைந்தது. கேள்வித்தாளில் மட்டும் தெரியும் வேறுபாடு இது என்று தள்ள முடியாது. பிரிட்டனில் தாரணி சந்தோலாவும் நான் ஜாங்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையற்று இருந்தவர்களின் இரத்தம் எடுத்து, நாள்பட்ட அழுத்தம் உடலில் விட்டுச்செல்லும் தடங்களை அளந்தார்கள். தரமற்ற வேலைக்குத் திரும்பியவர்களிடம் அந்தத் தடம், வேலையின்றியே இருந்தவர்களைவிட அதிகமாக இருந்தது.

மோசமான வேலை உடலை எப்படித் தின்கிறது என்பதற்குத் தமிழகத்தில் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயில், ஞாயிறு விடுப்பு கழிந்து வேலைக்கு வந்த முதல் நாளில்தான் நெஞ்சு அதிகம் இறுகும். பெரிய ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கெண்டைக்கால் நரம்பு சுருண்டு புடைக்கும், பாதம் வீங்கும், சிறுநீர் கழிக்கப் போவதைத் தவிர்க்கவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தின. ஒரு ஸ்டூலுக்குச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நேரத்தின் நீளமும் இதில் சேரும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. நெடுநேர வேலையால் 2016-இல் உலகம் முழுக்கப் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்தவர்கள் 7,45,000 பேர் என்பது அவ்விரு அமைப்புகளின் கணக்கு.

மேலைநாட்டு முடிவுகளை இந்தியாவுக்கு அப்படியே எடுத்துவர முடியாததற்கு முதல் காரணம், இங்கே வேலையற்றவர் யார் என்பதே தெளிவில்லாதது. தேசியக் கணக்கெடுப்பின் வாராந்திர முறைப்படி, ஏழு நாளில் எந்த ஒரு நாளிலும் ஒரு மணி நேரம் வேலை பார்த்தவர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். 2017-18-இல் தொடங்கிய புதிய தொழிலாளர் கணக்கெடுப்பு, வழக்கமான நிலை முறையில் வேலையின்மையை 6.1 விழுக்காடு என்றது. படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடம் அது அதிகம். படிப்பு வேலையைக் கெடுக்கிறது என்பதில்லை. சேமிப்போ பெற்றோர் துணையோ இல்லாதவர் வேலையின்றி இருக்கவே வசதியில்லாமல், கிடைத்ததைச் செய்துவிடுகிறார். கொத்தனாருக்குக் கையாளாக மூன்று நாள், சும்மா நான்கு நாள் என்று வாழ்பவர் கணக்கில் வேலையுள்ளவர். அவருடைய உடலில் வேலையின்மையின் கவலையும் கடும் உழைப்பின் வலியும் ஒரே வாரத்தில் இருக்கும். வேலை, வேலையின்மை என்ற இரு பெட்டிகளில் ஒன்றில் அவரைப் போட்டு நலத்தை அளந்தால் எண் வரும்; அந்த எண் எதையும் சொல்லாது.

இரண்டாவது காரணம், மருத்துவச் செலவு எந்தக் கணக்கில் போகிறது என்பது. அமைப்புசார்ந்த துறையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை உண்டு. சந்தா நின்று குறிப்பிட்ட காலம் கழிந்தால் அதுவும் நின்றுவிடும். வேலை போனவருக்கு ஈ.எஸ்.ஐ. வழியே 2018 முதல் அமலான அடல் திட்டத்தில் 90 நாள் வரை உதவித்தொகை கிடைக்கிறது. பெருந்தொற்றின்போது அது சராசரிச் சம்பளத்தின் கால் பங்கிலிருந்து பாதியாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசின் உதவித்தொகைத் திட்டம் வேறு வகை: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் மாதம் 200 ரூபாய், தேறியிருந்தால் 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600. மரியந்தாலின் 34, 30, 25, 19-ஐப் போல இதுவும் ஒரு படிக்கட்டு. ஆனால் அடிப்படி நலத்தைக் காக்கும் உயரத்தில் இல்லை. அரசு மருத்துவமனைகளும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வேலையோடு கட்டப்படாதவை என்பதால், வேலையோடு காப்பீட்டையும் இழந்துவிடும் அமெரிக்கத் தொழிலாளியின் நிலை இங்கே அந்த அளவுக்கு இல்லை.

வேலை திரும்பக் கிடைத்தால் நலம் மீளும் என்பது தொகுப்பாய்வுகள் காட்டும் பொதுப் போக்கு. முழுவதும் மீளுமா என்பதில் ஐயம் உண்டு. ஜெர்மனியில் 1984 முதல் நடக்கும் குடும்பத் தொடராய்வின் பதினைந்து ஆண்டுத் தரவுகளை ரிச்சர்ட் லூக்கஸ் குழு 2004-இல் பார்த்தபோது, வேலை இழந்து மீண்டும் வேலை பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பழைய மட்டத்துக்கு முழுமையாகத் திரும்பவில்லை. இன்னொரு முறை வேலை இழந்தாலும் பழகிவிட்டது என்ற தெம்பு வந்திருக்கவில்லை.

2020 அக்டோபரில் ஆய்வு மீண்டும் மரியந்தாலுக்கே வந்தது. கீழ் ஆஸ்திரிய வேலைவாய்ப்புத் துறை கிராமட்நொய்சீடலில் நெடுங்காலம் வேலையின்றி இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேலை என்று உறுதியளித்தது. சேர்வது அவரவர் விருப்பம். சேர்ந்தவர்களுக்கு முதலில் பயிற்சி, பிறகு அவர்களுக்குப் பொருந்தும் சம்பள வேலை. பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது, ஊர்த் தோட்டங்களைப் பராமரிப்பது போன்றவை அதில் அடக்கம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மாக்ஸிமிலியன் காஸியும் லூக்காஸ் லேனரும் பங்கேற்பாளரை இரு தொகுதிகளாகக் குலுக்கிப் பிரித்து, முந்திச் சேர்ந்தோரையும் காத்திருந்தோரையும், ஒத்த வேறு ஊர்களையும் ஒப்பிட்டார்கள். வருமானமும் பொருளாதாரப் பாதுகாப்பும் உயர்ந்தன. யகோடா சொன்ன நேர ஒழுங்கு, மனிதத் தொடர்பு, கூட்டு நோக்கம், சமூக மதிப்பு ஆகியவையும் தெளிவாக உயர்ந்தன. உடல்நலத்தில் மட்டும், அளந்த காலத்துக்குள், மாற்றம் எதுவும் தென்படவில்லை. திட்டம் 2024-இல் முடிந்தது.